ஊர் மாறினால் போதை மாறுமா?

முப்பது நாளும் ஒரு மாலையும்

மறுவாழ்வு மையத்தில் ஒரு மாதம் இருந்துவிட்டு ஒருவர் வீட்டுக்கு வருகிறார். கை நடுக்கம் நின்றுவிட்டது. மூன்று வேளையும் பசித்துச் சாப்பிடுகிறார். முகத்தில் தெளிச்சி வந்துவிட்டதாக அக்கம்பக்கத்தார் சொல்கிறார்கள். மையத்தில் இருந்தவரை குடிக்கும் எண்ணமே பெரிதாக வரவில்லை என்று அவரே சொல்கிறார். அதில் பொய் இல்லை. மறுபடி வேலைக்குப் போகிறார். முதல் சம்பள நாள் வருகிறது. வழக்கமான நிறுத்தத்தில் பேருந்தை விட்டு இறங்குகிறார். மணி ஏழு. எதிரே அதே டாஸ்மாக், பக்கத்தில் அதே சுண்டல் வண்டி, "என்னண்ணே, ஆளையே காணோம்?" என்று கேட்டபடி அதே கூட்டாளி. அன்று இரவு அவர் பழையபடி தள்ளாடிக்கொண்டுதான் வீடு சேர்கிறார்.

இப்படியொரு ஆளைத் தெரியாத தெரு அநேகமாக இருக்காது. வீட்டார் இதற்கு இரண்டு காரணம் சொல்வார்கள். "வைராக்கியம் கிடையாது" என்பது ஒன்று. "ரத்தத்துல ஊறிப்போச்சு, அது எங்க போகும்?" என்பது இன்னொன்று.

இரண்டும் இடிக்கின்றன. வைராக்கியம்தான் குறை என்றால், முப்பது நாளும் அது எங்கிருந்து வந்தது? ரத்தத்தில் ஊறியது என்பதும் சரியில்லை. எவ்வளவு குடித்திருந்தாலும் ஓரிரு நாளில் ரத்தத்தில் சாராயத்தின் சுவடு இருக்காது. குடியை நிறுத்தியதும் வரும் நடுக்கம், வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றை 'விலகல் துன்பம்' என்போம். அதன் கடுமையும் ஒன்றிரண்டு வாரங்களில் தணிந்துவிடும். முப்பதாம் நாள் அவர் உடலில் ஒரு சொட்டு மது இல்லை. அப்படியானால் போதை இத்தனை நாள் எங்கே ஒளிந்திருந்தது?

இந்தக் கேள்விக்கு ஒரு நல்ல துப்பு, போர்முனையிலிருந்து வீடு திரும்பிய சிப்பாய்களிடம் கிடைத்தது.

1971: ஓர் அரசின் பயம்

வியட்நாம் போரில் அமெரிக்கா சிக்கித் தவித்த காலம். 1971 மே மாதம், அங்கே போய்வந்த இரண்டு நாடாளுமன்ற உறுப்பினர்கள் அதிர்ச்சியான செய்தியைக் கொண்டுவந்தார்கள். வியட்நாமில் இருக்கும் அமெரிக்கப் படைவீரர்களில் நூற்றுக்குப் பத்து முதல் பதினைந்து பேர் ஹெராயினுக்கு அடிமையாகிவிட்டார்கள் என்றார்கள்.

அங்கே ஹெராயின் கிடைப்பது அவ்வளவு சுலபமாக இருந்தது. முகாம் வாசலிலும் சாலையோரத்திலும் சின்னஞ்சிறு பிளாஸ்டிக் குப்பிகளில் விற்றார்கள். விலை சொற்பம். கலப்படமே இல்லாத சரக்கு என்பதால் ஊசி தேவைப்படவில்லை. சிகரெட்டின் நுனியிலிருந்து கொஞ்சம் புகையிலையை உதிர்த்துவிட்டு, அந்த இடத்தில் பொடியைத் தட்டிப் பற்றவைத்தால் போதும்.

இவர்கள் ஆயிரக்கணக்கில் ஊர் திரும்பினால் என்ன ஆகும் என்று அமெரிக்காவே கலங்கியது. ஜூன் மாதம் அதிபர் நிக்சன், போதைப்பொருளை நாட்டின் முதல் எதிரி என்று அறிவித்தார். ஜெரோம் ஜாஃபி என்ற மனநல மருத்துவரை ஒரு புதிய சிறப்பு அலுவலகத்தின் தலைவராக அமர்த்தினார். ஜாஃபியின் யோசனைப்படி ஒரு விதி வந்தது: சிறுநீர்ச் சோதனையில் தேறாத எவரும் ஊருக்கு விமானம் ஏற முடியாது. தேறாதவர்களை அங்கேயே சில நாட்கள் நிறுத்திவைத்து, போதை இறங்கியபிறகே அனுப்பினார்கள்.

ஊர் திரும்பியவர்களுக்கு என்ன ஆயிற்று என்று பின்தொடர்ந்து பார்க்கும் வேலை, செயின்ட் லூயிஸ் நகரின் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சமூகவியலாளர் லீ ராபின்ஸிடம் ஒப்படைக்கப்பட்டது. 1971 செப்டம்பரில் மட்டும் ஏறத்தாழ 13,760 ராணுவ வீரர்கள் நாடு திரும்பியிருந்தார்கள். அவர்களில் சுமார் 1,400 பேர் சோதனையில் சிக்கியவர்கள். இரு தரப்பிலிருந்தும் தொள்ளாயிரத்துச் சொச்சம் பேரை ராபின்ஸ் தேர்ந்தெடுத்தார். 8 முதல் 12 மாதங்கள் கழித்து, அவர்கள் எந்த மூலையில் இருந்தாலும் தேடிப்போய்ப் பேட்டி எடுக்க ஏற்பாடு செய்தார். வாய்ச்சொல்லை மட்டும் நம்பாமல் மறுபடி சிறுநீரும் வாங்கிச் சோதித்தார்.

நூறு பேர் கணக்கு

ராபின்ஸ் கண்டுபிடித்ததை நூறு சிப்பாய்களின் கணக்காகச் சுருக்கிப் பார்ப்போம்.

வியட்நாமில் இருந்தபோது இந்த நூறு பேரில் கிட்டத்தட்ட 45 பேர் அபினையோ ஹெராயினையோ ஒருமுறையாவது தொட்டிருந்தார்கள். 20 பேர் தாங்கள் அதற்கு அடிமையாகிவிட்டதாகவே சொன்னார்கள். ஆக, அந்த இரண்டு உறுப்பினர்களும் பயந்ததைவிட நிலைமை மோசம்.

ஆனால் புறப்படும்போது நடந்த சோதனையில் சிக்கியவர்கள் பத்துப் பேர்தான். மீதிப் பேரில் பலர், ஊருக்குப் போகும் நாள் தெரிந்ததும் தாங்களாகவே முன்கூட்டி நிறுத்திவிட்டிருந்தார்கள். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பிறகு தேவைப்படும்.

ஊர் திரும்பிய முதல் ஆண்டில், நூறு பேரில் சுமார் 10 பேர் இந்த வகைப் போதையை எப்போதாவது தொட்டார்கள். மறுபடி அடிமையானவர் ஒருவர். ஒரே ஒருவர். வியட்நாமில் இருபதாக இருந்தது, அமெரிக்காவில் ஒன்றாகிவிட்டது. மூன்று ஆண்டுவரை நீட்டிப் பார்த்தாலும், அந்த இருபது பேரில் இடையில் எப்போதாவது மீண்டும் அடிமைநிலைக்குப் போனவர்கள் இரண்டு மூன்று பேரைத் தாண்டவில்லை. அந்த இருபது பேரில் பெரும்பாலோர் எந்தச் சிகிச்சைக்கும் போனதில்லை.

இதை யாரும் லேசில் நம்பவில்லை. அரசின் பணத்தில் நடந்த ஆய்வு, அதனால் அரசுக்கு வேண்டிய பதில் வந்திருக்கிறது என்று முணுமுணுத்தார்கள். சந்தேகத்துக்குக் காரணம் இருந்தது. கென்டக்கி மாநிலத்தின் லெக்சிங்டனில் போதை அடிமைகளுக்கென்றே 1935 முதல் ஓர் அரசு மருத்துவமனை இயங்கிவந்தது. அங்கே மாதக்கணக்கில் தங்கி, உடல் தேறி வெளியே போனவர்களில் மிகப் பெரும்பாலோர் சீக்கிரமே பழைய நிலைக்குத் திரும்பியதை ஆய்வுகள் காட்டியிருந்தன. மருத்துவமனையில் மாதக்கணக்கில் இருந்தவர் விழுகிறார். சில நாள் நிறுத்திவைத்து அனுப்பப்பட்ட சிப்பாய் நிற்கிறார். எப்படி?

இருவரும் போன திசையைக் கவனித்தால் முடிச்சு அவிழத் தொடங்கும். லெக்சிங்டன் நோயாளி தன் ஊரில் அடிமையானார், வேறோர் இடத்தில் தெளிந்தார், அடிமையான ஊருக்கே திரும்பினார். சிப்பாய் வேறோர் இடத்தில் அடிமையானார், அங்கேயே தெளிந்தார், ஹெராயினோடு எந்தப் பழக்கமும் இல்லாத தன் ஊருக்குத் திரும்பினார்.

உடல் முந்திக்கொள்கிறது

இடத்துக்கு அப்படி என்ன சக்தி? லெக்சிங்டன் மருத்துவமனையில் ஆய்வு செய்த ஆபிரகாம் விக்லர் 1940களில் ஒன்றைக் கவனித்தார். மாதக்கணக்கில் போதையைத் தொடாத நோயாளிகள் வட்டமாக உட்கார்ந்து பேசுவார்கள். பேச்சு போதைப்பொருளின் பக்கம் திரும்பியதும் சிலருக்குக் கொட்டாவி வரும், மூக்கு ஒழுகும், கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். ஹெராயினை நிறுத்தியவுடன் வரும் விலகல் துன்பத்தின் அடையாளங்கள் இவை. எப்போதோ தீர்ந்துபோன துன்பம், பேச்சைக் கேட்டதும் திரும்பி வந்தது.

மாங்காய்க் கீற்றில் உப்பும் மிளகாய்த்தூளும் தூவுவதைப் பார்த்தாலே நாக்கில் எச்சில் ஊறுகிறது அல்லவா? வாய்க்குள் இன்னும் எதுவும் போகவில்லை. உடல் முந்திக்கொண்டு தயாராகிறது. போதையிலும் இதுவே நடக்கிறது, ஆனால் ஒரு திருப்பத்தோடு. போதைப்பொருள் உடலின் சமநிலையைக் குலைக்கிறது. ஹெராயின் மூச்சைத் தணிக்கும், குடலை மந்தமாக்கும், வலியை மரக்கடிக்கும். இது அடிக்கடி நடந்தால் உடல் எதிர்த்திசையில் தள்ளத் தொடங்கும். அதனால்தான் நேற்றைய அளவு இன்று போதாமல் போகிறது. இதைத் 'தாங்குதிறன்' என்பார்கள்.

நாளடைவில் உடல் இன்னும் ஒரு படி போகிறது. போதை வரப்போவதை அறிவிக்கும் அடையாளங்களைக் கற்றுக்கொள்கிறது. குறிப்பிட்ட நேரம், குறிப்பிட்ட தெரு, தீப்பெட்டி உரசும் வாசனை, கையில் சம்பளப் பணம். இவற்றைத் 'தூண்டுகுறிகள்' என்று அழைப்போம். தூண்டுகுறி தென்பட்ட உடனேயே, பொருள் உள்ளே வருமுன்பே, உடல் எதிர்த்திசையில் தள்ளிவிடுகிறது. பொருள் வந்தால் இரண்டும் ஈடாகிவிடும். வராவிட்டால்? தள்ளிய தள்ளு மட்டும் மிஞ்சும். அதுதான் பதற்றம், வியர்வை, வயிற்றைப் பிசைவது.

இதை 1970களில் ஃபிலடெல்ஃபியாவில் சார்லஸ் ஓ'பிரையன் குழுவினர் சோதித்தே காட்டினார்கள். ஹெராயின் பழக்கத்துக்குச் சிகிச்சையாக மெத்தடோன் எடுத்துக்கொண்டிருந்தவர்களின் ஒப்புதலோடு, லேசான விலகல் துன்பத்தை வரவழைக்கும் மருந்தைச் சில முறை கொடுத்தார்கள். கொடுக்கும்போதெல்லாம் ஓர் ஒலியை எழுப்பி, புதினா எண்ணெயின் மணத்தையும் காட்டினார்கள். பிறகு அந்த மருந்தை விட்டுவிட்டு ஒலியும் புதினா மணமும் மட்டும். அதற்கே மூக்கு ஒழுகியது, கண்ணில் நீர் வந்தது.

ஒரே அளவு, இரண்டு அறைகள்

இதன் வலிமையை உயிர்க் கணக்கில் காட்டியவர் கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஷெப்பர்ட் சீகல். 1982இல் வெளியான அவருடைய சோதனை எளிமையானது. எலிகளுக்கு ஓர் அறையில் வைத்து ஹெராயின் கொடுத்து, அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார். இடைப்பட்ட நாட்களில் வேறோர் அறையில் வைத்துச் சர்க்கரைக் கரைசலை மட்டும் ஊசியில் ஏற்றினார். எலிகளுக்குத் தாங்குதிறன் வந்தது. கடைசி நாளில் எல்லா எலிகளுக்கும் ஒரே பெரிய அளவு ஹெராயின்.

ஹெராயினே அறியாத எலிகளில் நூற்றுக்கு 96 இறந்தன. பழகிய எலிகளில், வழக்கமான ஹெராயின் அறையில் வைத்துக் கொடுக்கப்பட்டவற்றில் நூற்றுக்கு 32 இறந்தன. இது எதிர்பார்த்ததுதான். அதே போலப் பழகிய எலிகளுக்கு மற்ற அறையில் வைத்துக் கொடுத்தபோது நூற்றுக்கு 64 இறந்தன. மருந்து ஒன்று, அளவு ஒன்று, பழக்கம் ஒன்று. அறை மாறியதும் சாவு இரட்டிப்பானது. தூண்டுகுறிகள் இல்லாத இடத்தில் உடல் முன்கூட்டித் தயாராகவில்லை.

தாங்குதிறன் என்பது ஈரலிலும் ரத்தத்திலும் மட்டும் இருப்பதில்லை, அறையின் சுவர்களோடும் கட்டப்பட்டிருக்கிறது என்று இதிலிருந்து தெரிகிறது. இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. சிறையிலிருந்தோ மையத்திலிருந்தோ வெளியே வந்தவர் பழைய அளவையே மறுபடி ஏற்றிக்கொண்டால், தணிந்துபோன தாங்குதிறனால் அது உயிரைக் குடிக்கலாம். வெளியே வந்த முதல் சில வாரங்கள் மிக ஆபத்தானவை.

பிடிக்காமலே வேண்டும்

"இப்பல்லாம் குடிச்சா சந்தோஷமே இல்ல, ஆனா குடிக்காம இருக்க முடியல." குடிநோயாளிகள் அடிக்கடி சொல்வது இது. முன்னுக்குப் பின் முரணாகத் தோன்றும். மூளையைப் பார்த்தால் முரண் இல்லை.

வுல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற ஆய்வாளர் குரங்குகளின் மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் செல்களைக் கண்காணித்தார். பழச்சாறு ஒரு துளி எதிர்பாராமல் கிடைத்தபோது அந்தச் செல்கள் துடித்தன. சாறு வருமுன் ஒரு விளக்கு எரியும் என்று குரங்கு கற்றுக்கொண்டபின், துடிப்பு விளக்குக்கு இடம் மாறியது. சாறு வந்தபோது சலனம் இல்லை. விளக்கு எரிந்தும் சாறு வராவிட்டால், வரவேண்டிய நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.

ஆக, டோபமைன் சுகத்தை அறிவிக்கும் செய்தி என்பதைவிட, "இதோ வரப்போகிறது, விடாதே" என்று உந்தும் செய்தி. போதைப்பொருட்கள் இந்த அமைப்பைக் குறுக்கு வழியில் தூண்டி, தூண்டுகுறிகளின் பிடியை இறுக்குகின்றன. டெர்ரி ராபின்சன், கென்ட் பெரிட்ஜ் என்ற இருவர் 1993இல் இதை விளக்கினார்கள்: அனுபவிப்பதும் வேண்டுவதும் மூளையில் வெவ்வேறு ஏற்பாடுகள், போதை தொடரத் தொடர, அனுபவம் மங்கிப்போனாலும் வேட்கை மட்டும் கூர்மையாகும்.

இப்போது மறுவாழ்வு மையத்தில் அந்த முப்பது நாளும் என்ன நடந்தது என்று யோசிக்கலாம். அங்கே கடை இல்லை, கூட்டாளி இல்லை, சம்பள நாள் இல்லை. தூண்டுகுறிகள் இல்லாததால் வேட்கை எழவில்லை. ஆனால் கற்றது அழிந்துவிடவும் இல்லை. ஓரிடத்தில் கற்றதை வேறோர் இடத்தில் மறக்கவைத்து, பழைய இடத்துக்கே விலங்கைக் கொண்டுபோனால், மறந்தது மீண்டும் தலைதூக்கும் என்று மார்க் பவுட்டன் என்ற உளவியலாளரின் சோதனைகள் காட்டியிருக்கின்றன. மையத்தில் கிடைத்த அமைதி, பெருமளவுக்கு அந்த மையத்துக்குச் சொந்தமானது.

இடம் மட்டும்தானா?

அப்படியானால் எல்லாரையும் வேறு ஊருக்கு அனுப்பிவிட்டால் போயிற்று என்று கிளம்பிவிடக்கூடாது. சிப்பாய்களுக்கு வேறு பல விஷயங்களும் சாதகமாக இருந்தன. பெரும்பாலோர் இளைஞர்கள். பயன்படுத்திய காலம் குறைவு. ஊசியில் ஏற்றாமல் புகைத்தவர்கள். அமெரிக்காவில் ஹெராயின் விலை அதிகம், கலப்படம் அதிகம், தேடிப்போய் வாங்கவேண்டும், மாட்டினால் சிறை. மறுபடி விழுந்த சிலரைப் பார்த்தால், ராணுவத்தில் சேருமுன்பே போதைப்பழக்கம் இருந்தவர்கள் அவர்களில் அதிகம். அவர்களுக்கு ஊரும் பழைய தூண்டுகுறிதான்.

மதுவுக்கும் ஹெராயினுக்கும் வித்தியாசமும் உண்டு. மது சட்டப்படி கிடைக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் கடை இருக்கும். மேலும், தூண்டுகுறி தெருவில் மட்டும் இருப்பதில்லை. சியாட்டிலில் பணியாற்றிய ஆலன் மார்லட், மறுபடி போதைக்குத் திரும்பியவர்களிடம் அதற்குச் சற்றுமுன் என்ன நடந்தது என்று விசாரித்தார். மூன்றில் இரண்டு பங்குக்கு மேற்பட்ட நிகழ்வுகள் மூன்று தலைப்புகளில் அடங்கின: மனச்சோர்வு, கோபம் போன்ற உணர்வுகள், வீட்டிலோ வேலையிடத்திலோ சச்சரவு, கூட்டாளிகளின் வற்புறுத்தல். சண்டை வந்தால் குடித்துப் பழகியவருக்குச் சண்டையே தூண்டுகுறி. ஊர் மாறினாலும் அது கூடவே வரும்.

சோதனைக்கு முன்பே தாங்களாக நிறுத்திக்கொண்ட சிப்பாய்களையும் இங்கே சேர்த்துப் பார்க்கவேண்டும். அவர்களும் அடிமைகள்தான், விலகல் துன்பம் அவர்களுக்கும் இருந்திருக்கும். ஆனால் நிறுத்தினால் வீடு, குடும்பம், வேலை. நிறுத்தாவிட்டால் அதே போர்க்களத்து மண். தேர்வு அத்தனை துல்லியமாக முன்னால் இருந்தபோது, நிறுத்த முடிந்தவர்கள் பலர். திரும்பிப் போக ஒரு வாழ்க்கை இருப்பதும் மருந்தின் ஒரு பகுதி.

மையத்துக்கு வெளியே தொடரும் சிகிச்சை

முதலில் ஓர் எச்சரிக்கை. நெடுநாள் கடுமையாகக் குடித்தவர் வீட்டிலேயே திடீரென்று நிறுத்துவது ஆபத்து. முதல் இரண்டு நாட்களுக்குள் வலிப்பு வரலாம். இரண்டு முதல் நான்கு நாட்களுக்குள் இல்லாதது கண்ணுக்குத் தெரிவது, பிதற்றல், காய்ச்சல் என்று உயிருக்கே இடையூறாகலாம். அந்தக் கட்டத்துக்கு மருத்துவர் அவசியம். வேட்கையைக் குறைக்கும் மருந்துகளும் இருக்கின்றன; அவை மருத்துவர் கண்காணிப்பில் நன்றாக உதவுகின்றன.

அதற்கு அடுத்த கட்டம் தூண்டுகுறிகளை எண்ணுவது. நல்ல மையங்களில் இதை நோயாளியையே எழுதவைக்கிறார்கள். எந்த நாள், எந்த மணி, எந்த வழி, யாருடன், என்ன மனநிலையில். கேட்ட உடனே "எப்பவும்தான்" என்பார்கள். எழுதிப் பார்த்தால் ஏழெட்டுக்கு மேல் தேறாது. ஒவ்வொன்றுக்கும் ஒரு மாற்று ஏற்பாடு செய்யலாம். சம்பளம் கைக்கு வராமல் மனைவியின் வங்கிக் கணக்குக்குப் போகலாம். ஒரு நிறுத்தம் முன்னதாக இறங்கி வேறு தெருவழியாக நடக்கலாம். மாலை ஆறு முதல் எட்டுவரை சும்மா இருக்காதபடி ஒரு வேலையை ஒப்புக்கொள்ளலாம். வேட்கை ஓர் அலை போன்றது என்று மார்லட் சொல்லிக்கொடுத்தார்: எழும், உச்சிக்குப் போகும், தாக்குப்பிடித்தால் தானே இறங்கும். அந்த நேரத்தைக் கடக்க ஒரு தொலைபேசி எண் கைவசம் இருந்தால் போதும்.

இதில் குடும்பத்துக்குப் பெரிய பங்கு உண்டு. சென்னையில் சாந்தி ரங்கநாதன் 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆய்வு அறக்கட்டளை போன்ற அமைப்புகள், நோயாளிக்குச் சமமாகக் குடும்பத்தாரையும் உட்காரவைத்துப் பேசுவது இதனால்தான். ஒருநாள் சறுக்கல் வரலாம். அன்றைக்கு வீட்டில் "எல்லாம் போச்சு, இவ்வளவு செலவு பண்ணதும் வீண்" என்று கை கழுவினால், அவரும் அதையே நம்பிவிடுவார்; ஒருநாள் சறுக்கல் முழு வீழ்ச்சியாகும். "இன்னைக்கு எங்க, எப்படி ஆச்சு?" என்று கேட்டால், பட்டியலில் விட்டுப்போன ஒரு தூண்டுகுறி கிடைக்கும்.

ஒரு மாதச் சிகிச்சைக்கு நகையை அடகு வைத்துப் பணம் கட்டும் குடும்பங்கள் நம்மிடையே உண்டு. மையத்தைத் தேடும்போது, அங்கே படுக்கை எத்தனை, கட்டணம் எவ்வளவு என்பதோடு இன்னொன்றையும் கேட்கவேண்டும்: வீட்டுக்கு வந்தபின் ஆறு மாதம் வரை யார் தொடர்பில் இருப்பார்கள், எத்தனை நாளுக்கு ஒருமுறை வரச்சொல்வார்கள்? அதற்குத் தெளிவான பதில் வைத்திருக்கும் மையத்தையே தேர்ந்தெடுக்கவேண்டும்.